கேளாத ஒலியைத் தேடியவர்

கலும்பாங், சிலாங்கூரின் வடகோடியில் பேராக் எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிறைந்திருந்த இந்த வட்டாரத்தில் இன்று செம்பனையே மிகுதி. பொழுது சாய்ந்தபின் இத்தகைய தோட்டங்களில் இருவகை வேட்டை தொடங்குகிறது. எலிகளைத் தேடி ஆந்தை வருகிறது. இதற்காகவே மலேசியச் செம்பனைத் தோட்டங்கள் பலவற்றில் கம்பத்தின்மேல் ஆந்தைகளுக்குப் பெட்டிக் கூடுகள் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதே நேரத்தில், விளக்கைச் சுற்றும் பூச்சிகளைத் தேடிச் சிறு வௌவால்கள் வருகின்றன. இரண்டுமே இருளுக்குப் பழகியவை. ஆனால், விளக்குகள் அனைத்தும் அணைந்து, நிலவும் விண்மீன்களும் மறைந்து, ஒளி சிறிதும் இல்லாமற்போனால் மரத்தில் மோதாமல் பறக்க வல்லது இவ்விரண்டில் ஒன்றுதான். அது எது, ஏன் என்று 200 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இத்தாலியப் பாதிரியார் சோதித்துப் பார்த்தார். அவர் பெயர் லாசரோ ஸ்பல்லன்சானி.

ஸ்பல்லன்சானி 1729ஆம் ஆண்டு சனவரித் திங்களில், வட இத்தாலியில் உள்ள ஸ்காண்டியானோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனும் அந்தத் தொழிலுக்கே வருவான் என்று குடும்பம் எதிர்பார்த்தது. இளைஞர் ஸ்பல்லன்சானியும் சட்டம் பயிலத்தான் பொலோஞ்ஞா நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய உறவினரான லௌரா பாஸ்ஸி இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியப் பதவி பெற்ற முதல் பெண்களுள் ஒருவர் அவர். பாஸ்ஸியின் ஊக்கத்தால் ஸ்பல்லன்சானி சட்டத்தைக் கைவிட்டு அறிவியலின் பக்கம் திரும்பினார். பின்னர்ச் சமயக் கல்வியும் பெற்றுப் பாதிரியார் ஆனார். பாதிரியார் என்ற தகுதி அவருக்கு மதிப்பையும் ஓரளவு வருமானத்தையும் தந்தது. அவருடைய நேரத்தின் பெரும்பகுதி ஆய்வுக்கே சென்றது.

எதையும் தாமே செய்து பார்க்காமல் நம்பக்கூடாது என்பது அவருடைய இயல்பு. கெட்டுப்போன சாற்றில் நுண்ணுயிர்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று நீடம், பூஃபோன் முதலிய புகழ்பெற்ற அறிஞர்கள் அப்போது கூறிவந்தார்கள். ஸ்பல்லன்சானி சாற்றைக் குடுவைகளில் ஊற்றிக் காற்றுப் புகாமல் மூடி நெடுநேரம் கொதிக்க வைத்தார். அவற்றில் எதுவும் தோன்றவில்லை. 1765இல் இந்த முடிவுகளை வெளியிட்டார். இன்று நாம் கடையில் வாங்கும் டின் சார்டின் கெடாமலிருப்பதும் இதே அடிப்படையில்தான். உணவு வயிற்றில் எவ்வாறு செரிக்கிறது என்பதை அறிய அவர் செய்தது இன்னும் வியப்பானது. ரொட்டியையும் இறைச்சியையும் சிறு துணிப் பைகளில் தைத்துத் தாமே விழுங்கினார். வயிறு உணவை அரைப்பது மட்டுமன்று, வயிற்றில் சுரக்கும் நீர் அதைக் கரைக்கவும் செய்கிறது என்பதை இவ்வாறு காட்டினார்.

1769இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சிக்குட்பட்ட பாவியா நகரப் பல்கலைக்கழகம் அவரை இயற்கை வரலாற்றுப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கிருந்த அருங்காட்சியகத்தையும் அவரே வளர்த்தெடுத்தார். 1785இல் கான்ஸ்டான்டிநோபிளுக்குப் பயணம் சென்றார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அருங்காட்சியகப் பொருள்களை அவர் திருடிவிட்டார் என்று உடன் பணியாற்றியவர்கள் சிலர் குற்றம் சாட்டினர். விசாரணை நடந்தது, அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. அந்த அவமானம் அவரைச் சோர்ந்துபோகச் செய்திருக்கலாம். அவரோ 1788இல் எரிமலைகளைக் காண வெசூவியஸ், எட்னா என்று புறப்பட்டுவிட்டார்.

வௌவால்கள் அவருடைய வாழ்வில் நுழைந்தது மிகவும் பிந்தித்தான். 1793இல் அவர் ஓர் ஆந்தையை வளர்த்துவந்தார். ஒருநாள் இரவு அறையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தி அணைந்துவிட்டது. அதுவரை எளிதாகப் பறந்துகொண்டிருந்த ஆந்தை, முழு இருளில் சுவர்களில் மோதத் தொடங்கியது. ஆந்தைக்கும் சிறிதளவேனும் ஒளி தேவை என்பது தெளிவாயிற்று. அப்படியானால் வௌவாலுக்கு? அவர் வௌவால்களைக் கொண்டுவந்து அதே அறையில் பறக்கவிட்டார். மெழுகுவத்தி அணைந்தபோதும் அவை எதிலும் மோதவில்லை.

இந்த இடத்தில் பலர் நின்றிருப்பார்கள். வௌவாலின் கண் ஆந்தையின் கண்ணைவிடக் கூர்மையானது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். ஸ்பல்லன்சானி நிற்கவில்லை. வௌவாலின் தலையைச் சிறு முக்காட்டால் மூடினார். அது மோதியது. பார்வை மறைந்ததால் மோதியது என்று எவரும் எளிதாக முடிவு கட்டலாம். ஆனால் முக்காடு மறைப்பது கண்ணை மட்டுமன்று. காதையும் மூக்கையும் வாயையும் கூடத்தான். எனவே கண்ணை மட்டும் தனியே நீக்கிப் பார்க்க முடிவு செய்தார். வௌவால்களின் பார்வையை முற்றிலும் அழித்துப் பறக்கவிட்டார். இத்தகைய கொடுமையை இன்றைய ஆய்வு விதிகள் அனுமதிக்கமாட்டா. அந்தக் காலத்தில் அதைத் தடுக்க விதியேதும் இல்லை. பார்வையிழந்த வௌவால்கள், உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட நூல்களுக்கிடையே முன்போலவே வளைந்து நெளிந்து பறந்தன.

அறைக்குள் பறப்பது ஒன்று. வெளியே இரை தேடி உயிர்வாழ்வது வேறு. பாவியா தேவாலயத்தின் மணிக்கூண்டில் வௌவால்கள் குடியிருந்தன. அங்கிருந்து பிடித்த வௌவால்களைப் பார்வையிழக்கச் செய்து விடுவித்தார். சில நாட்களுக்குப் பிறகு, அவை வேட்டை முடித்துத் திரும்பும் அதிகாலையில், மணிக்கூண்டுக்குச் சென்று சிலவற்றை மீண்டும் பிடித்தார். வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பார்வையுள்ள வௌவால்களின் வயிற்றைப் போலவே அவற்றின் வயிறும் பூச்சிகளால் நிறைந்திருந்தது. கண்ணில்லாமலே அவை வீடு திரும்பியிருந்தன. பறக்கும் பூச்சியையும் பிடித்திருந்தன.

இனி ஒவ்வொரு புலனாகச் சோதிக்க வேண்டியதுதான். தொடு உணர்வா என்று பார்க்க உடலின்மேல் வார்னிஷ் பூசினார். மூக்கை அடைத்தார். நாக்கை நீக்கினார். எதுவும் வௌவாலைத் தடுமாறச் செய்யவில்லை. ஐம்புலன்களுக்கும் அப்பால் மனிதர் அறியாத ஏதோ ஒரு புலன் வௌவாலுக்கு இருக்கவேண்டும் என்று அவர் ஐயுற்றார். தம்முடைய சோதனைகளை விவரித்து ஐரோப்பாவின் பல நகரங்களில் இருந்த அறிஞர்களுக்குக் கடிதங்கள் எழுதி, அவர்களையும் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

பதில் ஜெனீவாவிலிருந்து வந்தது. அங்கு லூயி ஜூரின் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். அவர் வௌவால்களின் காதுகளை இறுக அடைத்துப் பறக்கவிட்டார். அவை எதிர்ப்பட்ட எல்லாவற்றிலும் மோதின. ஸ்பல்லன்சானி இதை உடனே ஏற்றுக்கொள்ளவுமில்லை, தம் கருத்துக்கு மாறானது என்று தள்ளவுமில்லை. காதை அடைப்பதால் உண்டாகும் வலியே வௌவாலைத் தடுமாறச் செய்திருக்கலாமே? இந்த ஐயத்தைத் தீர்க்க அவர் செய்த சோதனை மிக நேர்த்தியானது. பித்தளையில் நுண்ணிய குழாய்கள் செய்து வௌவாலின் காதுகளில் பொருத்தினார். குழாய்கள் திறந்திருந்தபோது வௌவால் நன்றாகப் பறந்தது. அதே குழாய்களை அடைத்தபோது மோதியது. இரண்டு நிலையிலும் குழாயின் உறுத்தல் ஒன்றே. மாறியது கேட்டல் மட்டுமே. ஆகவே வௌவாலுக்கு வழிகாட்டுவது காது என்பதில் ஐயமில்லை.

இங்கேதான் அவர் பெரும் மதிலில் முட்டிக்கொண்டார். காது கேட்கிறது என்றால் கேட்பதற்கு ஓர் ஒலி இருக்கவேண்டும். அறையிலோ ஒலியே இல்லை. நூல் ஒலி எழுப்பாது. சுவர் ஒலி எழுப்பாது. பறக்கும் வௌவாலிடமிருந்தும் மெல்லிய சிறகடிப்பைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அமைதியைக் கேட்டு ஒரு விலங்கு எப்படி வழியறியும்? ஸ்பல்லன்சானி தாம் கண்ட உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு விளக்கமும் கிடைக்கவில்லை. வௌவால் சோதனைகளின் பெரும்பகுதி நூலாக வராத நிலையிலேயே 1799 பிப்ரவரியில் பாவியாவில் காலமானார்.

விளக்கமில்லாத உண்மை உலகில் நெடுநாள் நிலைப்பதில்லை. பிரான்சின் பேரறிஞர் ஜார்ஜ் கூவியே, வௌவால் சிறகின் தொடு உணர்வால்தான் வழியறிகிறது என்று எழுதினார். அவர் அதற்காக ஒரு சோதனையும் செய்யவில்லை. ஆனால் அவருடைய பெயரின் கனம் ஸ்பல்லன்சானியின் பித்தளைக் குழாய்களைவிட மிகுதியாக இருந்தது. காதால் பார்க்கும் விலங்கு என்பது கேலிப்பொருளாயிற்று. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்கள் கூவியே சொன்னதையே திருப்பிச் சொல்லின.

விடை 1938இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. அங்கு டோனல்டு கிரிஃபின் என்னும் இளம் மாணவர் வௌவால்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜார்ஜ் பியர்ஸ், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றித்தரும் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். பூச்சிகளின் ஒலியை ஆராய அவர் அதைப் பயன்படுத்திவந்தார். கிரிஃபின் ஒரு கூண்டு வௌவால்களை அந்தக் கருவியின் முன் கொண்டுபோய் வைத்தார். அமைதியாகத் தோன்றிய கூண்டிலிருந்து இரைச்சல் கொட்டியது. பின்னர் இராபர்ட் கலம்போஸ் என்னும் நண்பருடன் சேர்ந்து கிரிஃபின் வௌவாலின் வாயையும் காதையும் மாறிமாறி அடைத்துச் சோதித்தார். வாய் அடைபட்டாலும் வௌவால் மோதியது. காது அடைபட்டாலும் மோதியது. வௌவால் கத்துகிறது, பொருள்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு அவை எங்கே உள்ளன என்று அறிகிறது. இந்தத் திறனுக்குக் கிரிஃபின் 1944இல் ஒரு பெயர் சூட்டினார். தமிழில் அதனை எதிரொலி இடமறிதல் என்கிறோம்.

ஸ்பல்லன்சானிக்கு எட்டாமற்போனது ஒரே ஓர் எண். ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதன் அதிர்வெண். நொடிக்கு ஆயிரம் அதிர்வு ஒரு கிலோஹெர்ட்ஸ். கோயிலில் தொங்கும் பெரிய மணியின் ஒலி தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. சலங்கையின் ஒலி உயர்ந்த அதிர்வெண் கொண்டது. மனிதக் காது அதிகம் போனால் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வௌவால்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் பேசுகின்றன. அதற்கு மேற்பட்ட ஒலியை மீயொலி என்பர். நம் காதருகே ஒரு வௌவால் உரக்கக் கத்திக்கொண்டு பறந்தாலும் நமக்கு அது மௌனமே.

எல்லா வௌவால்களுக்கும் இந்தத் திறன் இல்லை. பழம் தின்னும் பெரிய வௌவாலும் பூச்சி தின்னும் சிறிய வௌவாலும் தமிழில் ஒரே பெயரால் வழங்குகின்றன. மலாய் மொழி இவற்றைப் பிரித்தே சொல்கிறது: பெரியது கெலுவாங், சிறியது கெலாவார். கெலுவாங் பெரிய கண்களால் பார்த்தும் மோந்தும் பழமரத்தை நாடுகிறது. அதற்கு மீயொலி கிடையாது. ஸ்பல்லன்சானியின் மணிக்கூண்டில் குடியிருந்தவை பூச்சி தின்பவை. மலாயாவில் பிறந்து கெலுவாங்கைப் பிடித்துச் சோதித்திருந்தால் அவர் வேறொரு முடிவுக்கு வந்திருப்பார்.

வௌவால் ஏன் இவ்வளவு உயர்ந்த ஒலியைத் தேர்ந்தது? காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 17 மில்லிமீட்டர் நீளம். 100 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலை 3.4 மில்லிமீட்டர் மட்டுமே. அலையைவிட மிகச் சிறிய பொருளில் பட்டால் ஒலி நன்றாகத் திரும்புவதில்லை. ஒரு கொசுவின் எதிரொலி வேண்டுமானால் அலையும் கொசுவின் அளவுக்குக் குறுகவேண்டும். அப்படியானால் எல்லா வௌவால்களும் இயன்றவரை உயர்ந்த ஒலியையே எழுப்பலாமே என்று தோன்றும். அதற்கும் ஒரு விலை உண்டு. உயர்ந்த ஒலியைக் காற்று விரைவில் உறிஞ்சிவிடும். சில மீட்டருக்கு அப்பால் அது பயன்படாது. தாழ்ந்த ஒலி தொலைவு செல்லும். ஆனால் நுணுக்கம் குறையும். தொலைவா, நுணுக்கமா என்ற இந்தப் பேரத்தில் ஒவ்வொரு வகையும் தன் வாழ்க்கைக்கு ஏற்ற இடத்தில் நின்றுவிட்டது.

திறந்த வானில் மரங்களுக்கு மேலே விரைந்து பறக்கும் வௌவாலுக்குத் தொலைவு வேண்டும். அவ்வகை வௌவால்கள் 20, 30 கிலோஹெர்ட்ஸ் அளவில் குரல் கொடுக்கின்றன. காட்டினுள் இலைகளுக்கிடையே வேட்டையாடும் வௌவாலுக்கு எதிரில் உள்ள ஓரிரு மீட்டரே உலகம். அங்கு வாழும் இலைமூக்கு வௌவால்களுள் சில 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டுகின்றன. ஒரே வௌவாலும் எப்போதும் ஒரே மாதிரி கத்துவதில்லை. தேடும்போது நிதானமாகக் கத்தும்; பூச்சியை நெருங்க நெருங்கக் கத்தல்கள் குறுகி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, கடைசி நொடியில் ஒரு ரீங்காரமாகிவிடும். வயதும் வளர்ப்பும்கூடக் குரலை மாற்றுகின்றன. இங்கிலாந்தின் குதிரைலாட வௌவால்களை ஆராய்ந்தவர்கள், குட்டியின் அதிர்வெண் அதன் தாயின் வயதைச் சார்ந்திருப்பதைக் கண்டார்கள்.

உடலின் அளவும் இதில் பங்கு கொள்கிறது. பெரிய மணிக்கும் சலங்கைக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும். பெரிய உடல் தாழ்ந்த குரலையும் சிறிய உடல் உயர்ந்த குரலையும் தருவது இயல்பு. ஆனால் இது மீற முடியாத விதியன்று. மலேசியக் காடுகளில் ரிட்லியின் பெயரைத் தாங்கிய இலைமூக்கு வௌவால் ஒன்று உண்டு. மலாயாவில் ரப்பர்ப் பயிரைப் பரப்புவதற்காக ஓயாமல் உழைத்த, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்த அதே ரிட்லிதான். எடை பத்துக் கிராமை எட்டாத இந்தச் சிறு வௌவாலின் குரல் 60 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது. இதே அளவுள்ள அதன் உறவினங்கள் இதைவிட மிக உயர்ந்த குரலில் கத்துகின்றன. அதன் காதுகளோ உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. உடலளவு ஒரு தொடக்கத்தைத்தான் தருகிறது. மீதியைப் பரிணாமம் மாற்றியமைக்கிறது.

இரையும் சும்மா இருப்பதில்லை. பல அந்துப்பூச்சிகளுக்கு வௌவாலின் குரலைக் கேட்கும் காது வளர்ந்திருக்கிறது. அக்காதுகள் பெரும்பாலும் 20 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரை நன்றாகக் கேட்கும். குரல் கேட்டதும் பூச்சி சட்டென்று கீழே விழுந்து தப்பிவிடும். ஆகவே அந்த எல்லைக்கு வெளியே கத்தும் வௌவாலுக்கு நல்ல வேட்டை. சில வகைகளின் குரல் மிக உயர்ந்தும் சில வகைகளின் குரல் மிகத் தாழ்ந்தும் போனதற்கு ஆய்வாளர்கள் கூறும் விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

குதிரைலாட வௌவால்களும் இலைமூக்கு வௌவால்களும் குரலின் பெரும்பகுதியை ஒரே அதிர்வெண்ணில் நிறுத்திப் பிடிக்கின்றன. அவற்றின் காதும் மூளையும் அந்த ஓர் எண்ணுக்கென்றே கூர்மை பெற்றிருக்கின்றன. மின்னல் எஃப்எம் கேட்க வானொலியைச் சரியான இடத்தில் நிறுத்துவதைப் போன்றதே இது. அந்த எண்ணிலிருந்து எதிரொலி சிறிது நடுங்கினாலும், எதிரில் ஏதோ ஒன்று சிறகடிக்கிறது என்று வௌவால் அறிந்துகொள்ளும். அசையாத இலைகளுக்கிடையே பூச்சியை அது பிரித்தறிவது இவ்வாறுதான். இதனால் இவ்வகைகளில் அதிர்வெண் ஓர் அடையாள அட்டைபோல் ஆகிவிட்டது.

அந்த அட்டை மாறினால் என்ன ஆகும்? இந்தோனேசியாவின் பூத்தோன் தீவில் ஒரு குதிரைலாட வௌவால் மூன்று உடல் அளவுகளில் வாழ்கிறது. அவற்றின் குரல்கள் ஏறத்தாழ 27, 40, 54 கிலோஹெர்ட்ஸ். இவை மூன்றும் ஒரே அடிப்படை ஒலியின் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகள். புல்லாங்குழலைச் சற்று அழுத்தி ஊதினால் விரலை மாற்றாமலே சுரம் மேலே தாவும். அதைப் போன்ற தாவல் இது. குரல் தாவினால் பிடிபடும் பூச்சியின் அளவு மாறும். துணையை அடையாளம் காண்பதும் மாறும். ஒருவர் குரலை மற்றவர் அறியாதபோது இணைசேர்தல் குறைந்து, ஓர் இனம் பலவாகப் பிரியத் தொடங்கும். 2004இல் டிகா கிங்ஸ்டன், ஸ்டீஃபன் ரோசிட்டர் ஆகிய இருவரும் இந்த விளக்கத்தை வெளியிட்டனர்.

கிங்ஸ்டன் அதற்கு முன்பு மலேசியாவில் கண்டது இன்னும் நுட்பமானது. பகாங்கின் கெராவ் வனவிலங்குக் காப்பகத்தில் பூச்சி தின்னும் வௌவால்கள் மட்டுமே ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. உலகில் இவ்வளவு வகைகள் ஒரே இடத்தில் வாழ்வது அரிது. தீபகற்ப மலேசியாவின் காடுகளில் இரட்டை நிற இலைமூக்கு வௌவால் என்று அறியப்பட்ட ஒரு சிறு வௌவால் உண்டு. கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். கருவியின் முன் வைத்தபோதோ சில 131 கிலோஹெர்ட்ஸிலும் சில 142 கிலோஹெர்ட்ஸிலும் குரல் கொடுத்தன. இடைப்பட்ட குரல் இல்லை. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் சுபைட் அக்பர் உள்ளிட்ட குழுவினர் மரபணுவை ஆராய்ந்தபோது இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது உறுதியாயிற்று. 2001இல் இந்த முடிவு வெளிவந்தது. 2018இல் இவ்விரண்டில் ஒன்றுக்கு, வௌவால் ஆய்வாளர் தாமஸ் குன்ஸைச் சிறப்பிக்கும் வகையில் புதிய அறிவியல் பெயர் சூட்டப்பட்டது.

இந்த வேறுபாடு எதற்காக? 131 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2.6 மில்லிமீட்டர், 142இன் நீளம் 2.4 மில்லிமீட்டர். இந்தக் கால் மில்லிமீட்டருக்கும் குறைந்த வேறுபாட்டால் பிடிபடும் பூச்சியில் பெரிய மாற்றம் வந்துவிடாது. எனவே இரை தேடுவதற்காகக் குரல் பிரிந்தது என்று சொல்ல வழியில்லை. காட்டின் இருளில் தன் இனத்தாரின் குரலை அடுத்த இனத்தாரின் குரலிலிருந்து பிரித்தறிவதற்காகவே அவை விலகி நின்றிருக்கலாம் என்று அந்தக் குழுவினர் கருதினர். வழி காட்டும் ஒலியே, நான் இன்னார் என்று அறிவிக்கும் ஒலியாகவும் ஆகிவிட்டது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். வீட்டுக் கூரைகளில் சாதாரணமாக வாழும் ஒரு சிறு வௌவால் 45 கிலோஹெர்ட்ஸ், 55 கிலோஹெர்ட்ஸ் என்று இரு குரல்களில் கத்துவது 1990களில் கவனத்துக்கு வந்து, அதுவும் இரண்டு இனங்களாகப் பிரிக்கப்பட்டது.

ஒலியைக் கேட்கும் கருவி கிடைக்கும்வரை இவற்றில் எதையும் ஸ்பல்லன்சானி அறிந்திருக்க முடியாது என்று சொல்வது வழக்கம். அது முழுக்கச் சரியன்று. அவருடைய இத்தாலியிலேயே, சிறகுச் சவ்வுக்கு வெளியே வால் நீண்டிருக்கும் ஒரு பெரிய வௌவால் பாறை முகடுகளிலும் உயர்ந்த கட்டடங்களிலும் வாழ்கிறது. திறந்த வானில் மிக உயரத்தில் வேட்டையாடுவதால் அதன் குரல் 10 முதல் 14 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. கருவி எதுவும் இல்லாமலே மனிதக் காதில் விழும் வௌவால் குரல் அது. ஆனால் மனிதச் செவியின் மேல் எல்லை வயதோடு இறங்கிக்கொண்டே வருகிறது. பதினைந்து வயதில் ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் காதுக்கு, அறுபதைத் தாண்டியபின் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை கேட்பது அரிது. ஆந்தை இருந்த அறையில் மெழுகுவத்தி அணைந்த அந்த ஆண்டில் ஸ்பல்லன்சானிக்கு வயது 64.